பட்டாளத்தப்பனுக்கு வந்த சொந்தக்காரி

சாமிக்குச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள் என்று நீலா ஒருநாளும் நினைத்ததில்லை. சாமி என்றால் சாமி. அதற்கு அண்ணன் ஏது, தம்பி ஏது, அண்ணன் வழிப் பேத்தி ஏது?

ஆனால் போன வாரம் அந்தப் பேத்தியே வந்து நின்றாள். நரைத்த குட்டை முடி, கையில் நனைந்த குடை, வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் கைகாட்டி அனுப்ப, போபோடிச் சந்துக்குள் சேற்றை மிதித்துக்கொண்டு வந்து, "தாமஸ் டோலன்" என்று ஒரு பேரைச் சொன்னாள். அயர்லாந்திலிருந்து வருகிறாளாம். பேர் மோரா. நீலாவின் மகள் கீர்த்தி இங்கிலீஷில் பேசிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

"அம்மா, நம்ம பட்டாளத்தப்பன் இவங்க ஃபேமிலியாம்!"

முளா ஆற்றங்கரையில், கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது பட்டாளத்தப்பன் சமாதி. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன்; காலராவில் செத்ததால் மதிலுக்குள் சேர்க்கவில்லை என்பார்கள். நீலாவின் கணவன் பரமசிவத்துக்குக் கொள்ளுப்பாட்டன் ஒருவன், மண்ணாங்கட்டி என்று பேர், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்கு, வெள்ளைக்காரப் பட்டாளத்தில் நோயாளிகளை டோலியில் தூக்க வந்தவன். செத்த சிப்பாய் அவன் கனவில் வந்து சுருட்டும் சாராயமும் கேட்டானாம். கொடுத்தான். அடுத்த மாதமே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததாம். அன்றிலிருந்து வருஷா வருஷம் ஆடி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் படையல். வீட்டில் பிறந்த ஆம்பிளை எவனும் வேலையில்லாமல் உட்கார்ந்ததில்லை என்பது அவர்கள் கணக்கு. அதில் குடித்தே செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை யாரும் போட்டதில்லை.

நீலா போட்டிருந்தாள். அதனால்தான் ஆடி பிறந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

படையலில் வைக்கிற ரம்மில் முதல் வாய், வீட்டு மூத்த ஆம்பிளைக்கு. உள்ளங்கையைக் குவித்து வாங்கி ஒரே மடக்கில் விழுங்க வேண்டும். அவன் விழுங்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இப்போது மூத்தவன் பரமசிவம். போன தீபாவளிக்கு ரத்தமாக வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்து, அதிலிருந்து தொடாமல் இருக்கிறவன்.

இதற்கு முன்னாலும் ஒரு தடவை விட்டிருக்கிறான். அப்போதும் ஆடி வந்தது. உள்ளங்கை ரம்தான். சாயங்காலம் பாட்டிலில் இருந்த மிச்சம் காலியானது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அந்த வாரமே ரேஞ்ச் ஹில்ஸ் சாக்கடையோரம் கிடந்தவனை நீலாவும் கீர்த்தியும் ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஆகவே மோராவிடம், "ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, அன்னிக்குத்தான் படையல்" என்று நீலா சொல்லி அனுப்பியது வெறும் உபசாரம் இல்லை. வெளிநாட்டு விருந்தாளி எதிரே ஆம்பிளைகள் கொஞ்சம் அடங்கி நடப்பார்கள் என்று ஒரு திட்டம்.

திட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கவிழ்ந்தது.

"அண்ணி, பாருங்க!"

பரமசிவத்தின் தம்பி ஏழுமலை பைக்குள்ளிருந்து எடுத்துச் சமையல் மேடைமேல் வைத்தது முழு பாட்டில். "எப்பவும் குவாட்டர்தான் வெப்போம். சாமியோட சொந்தக்காரங்க வர்றாங்க, நம்ம மானம் போயிடக் கூடாதில்ல? மிலிட்டரி கேன்டீன் சரக்கு. சுபேதார் சாஹேப் கால்ல விழாத குறையா வாங்கினேன்."

நீலா படையலுக்கு முட்டை வேக வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். சாங்வியில் பெயின்ட் ஏற்றுகிற பவுடர் கோட்டிங் பட்டறையில் நாள் முழுக்க இரும்புச் சாமானைக் கொக்கியில் மாட்டுகிற கை அவளுடையது. அந்தக் கையைப் பாட்டில்மேல் வைத்தாள்.

"ஏழுமலை, ஒண்ணு கேக்கறேன். இந்த வருஷம் மொத வாய் நீ வாங்கிக்கயேன்."

"நானா? அண்ணன் கல்லாட்டம் நிக்கசொல்லவா?"

"இன்னா கல்லு? உள்ள பூரா வெந்து கெடக்குது. டாக்டர் காட்டசொல்ல நீயும்தானே பாத்தே?"

"ஒரு மொடக்குதான் அண்ணி. உள்ளங்கையில எவ்ளோ புடிச்சிடும்? அது பிரசாதம், சரக்கு இல்ல."

"பாட்டில்ல இருந்தா சரக்கு, உங்கண்ணன் கைக்கு வந்தா பிரசாதமா? நல்லாக்கீதுடா உங்க சாமி."

ஏழுமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் குரலை இறக்கினான். "பையன் அப்ரண்டிஸுக்கு எழுதிப் போட்டிருக்கான் அண்ணி. இந்த மாசம் கூப்புடணும். இந்த வருஷம் பாத்து மூத்தவன் வாய் வெக்காம படையல் முடிஞ்சா... எனக்கு பயமாக்கீது."

அந்தப் பயம் பொய்யில்லை. ஒரு வேலைக்காக மூன்று வருஷம் கான்ட்ராக்டில் மூட்டை தூக்கியவன் ஏழுமலை. அவன் முகத்தைப் பார்த்தால் நீலாவுக்குக் கோபம் முழுசாக வரமாட்டேன் என்கிறது. அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே பரமசிவம் குந்தி உட்கார்ந்து வாளியில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தான். உள்ளே பேசியதெல்லாம் அவன் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

"நீ இன்னாயா சொல்றே?" என்றாள்.

அவன் குச்சியை விடாமல் சுற்றினான். "மொதல்ல கல்லுக்கு சுண்ணாம்பு அடிக்கலாம்" என்றான்.

இதுதான் அவனிடம் பிரச்சினை. குடித்த காலத்தில் வாய் ஓயாது. விட்டபிறகு வாயே திறப்பதில்லை. உள்ளே என்ன ஓடுகிறது என்று முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கே தெரியவில்லை.

மழை விட்டிருந்தது. ஆறு காவி நிறத்தில் கரை தொட்டு ஓடியது. ஔந்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த மோராவைக் கீர்த்தி தன் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்து ஓட்டிவந்தாள். வந்து இறங்கியவள் சமாதியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

பார்க்க அது கல்லறைபோல் இல்லை. நூறு வருஷத்துச் சுண்ணாம்பு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஓரம் மழுங்கி, பெரிய கொழுக்கட்டை மாதிரி இருந்தது. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாமந்தி மாலை. பக்கத்தில் வாழையிலை, முட்டை, வறுத்த கறி, ஒரு கட்டுச் சுருட்டு, அந்தப் பாட்டில்.

சிரிப்பாள், இல்லையென்றால் படம் எடுப்பாள் என்று நீலா எதிர்பார்த்தாள். மோரா இரண்டும் செய்யவில்லை. எல்லாரும் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, ஈரத் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். கழற்றுகிற கையை நீலா கவனித்தாள். இடது சுண்டுவிரலில் ஒரு கணு இல்லை.

"கீர்த்தி, அந்தம்மாவுக்கு கையில இன்னா ஆச்சுன்னு கேளு."

கீர்த்தி கேட்டாள். "மீட் ஃபேக்டரில வேலையாம்மா. கட்டிங் லைன். இருபத்தெட்டு வருஷம் அதே வேலையாம். கத்தி பட்டுச்சாம்."

கறி வெட்டி ரிட்டையர் ஆனவள். நீலாவுக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப் போய்விட்டது. இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து, மோரா உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டாள்.

மோரா சொல்லச் சொல்லக் கீர்த்தி பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாகச் சொன்னாள். மோராவின் கொள்ளுத் தாத்தாவும் தாமஸும் கூடப் பிறந்தவர்கள். கைப்பிடி நிலம். மூத்தவனுக்கு நிலம், இளையவனுக்குப் பட்டாளம். போனவன் போனவன்தான். வேலையிலிருந்து நின்றபிறகு மோரா தேட ஆரம்பித்தாள். லண்டனில் பழைய பட்டாளத்துப் பதிவுகளைத் தேடி, காலராவில் செத்தவன் இங்கே புதைக்கப்பட்டான் என்று கண்டுபிடித்தாள். அதோடு இன்னொன்றும் கிடைத்தது. தாமஸுக்கு இங்கே ஒரு ஆண் குழந்தை. ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். தாய் இந்த ஊர்க்காரி, மேரி என்று மட்டும் போட்டிருக்கிறது. அப்புறம் அந்தக் குழந்தையைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை.

"அந்தப் புள்ளைய தேடித்தான் வந்திருக்காங்க" என்றாள் கீர்த்தி. "மத்லப், அதாவது, அந்தப் புள்ளையோட புள்ளைங்க. அவங்க தம்பியோட டி.என்.ஏ. ஆல்ரெடி அமெரிக்கா லேப்ல இருக்கு. ஆம்பிளை வழியில அப்படியே இறங்குமாம், அப்பா, புள்ளை, பேரன்னு. கன்னத்துக்குள்ள பஞ்சு வெச்சு தேய்ச்சா போதும். மேட்ச் ஆனா சொந்தம்."

அந்தப் பிள்ளை தங்கள் வீட்டில்தான் வளர்ந்திருக்கும் என்று ஏழுமலை அங்கேயே முடிவு கட்டி, ஒரு எட்டு முன்னால் வந்தான். "மேடம், எங்க கண்ணப் பாருங்க. எங்க அண்ணன் கண்ணப் பாருங்க. தேன் கலர்! போபோடி பூரா தேடுங்க, இந்தக் கண்ணு வேற யாருக்கும் கெடையாது. கீர்த்தி, சொல்லு. அயர்லாந்துல ஃபேக்டரி வேலைக்கு ஆள் எடுக்கறாங்களான்னு அப்படியே ஒரு வார்த்தை கேளு."

"சித்தப்பா, ப்ளீஸ்!"

"கேளும்மா. கேக்கறதுக்கு துட்டா?"

மோராவுக்கு அது புரிந்ததோ என்னவோ, சிரித்தாள். பிறகு சமாதியைக் காட்டி ஏதோ கேட்டாள். கேட்கும்போது குரல் மெதுவாக இருந்தது.

"கல்லுல எழுத்து இருக்குமாம்" என்றாள் கீர்த்தி தயங்கித் தயங்கி. "சுண்ணாம்பு அடிக்கறதுக்கு முன்னாடி, கொஞ்சமா சுரண்டிப் பாக்கலாமான்னு கேக்கறாங்க. நீங்க வேணாம்னா வேணாமாம்."

ஏழுமலையின் முகம் மாறியது. "சாமியச் சுரண்டறதா? எங்கப்பா காலத்துல ஒரு பொட்டு பேந்ததுக்கே எங்கம்மா மூணு நாள் சாப்புடல."

"அவங்க வீட்டு ஆளுப்பா" என்றாள் நீலா. "பேரு பாக்கணும்னு எங்கிருந்தோ வந்திருக்காங்க."

"அவங்களுக்கு ஆளு. நமக்கு சாமி."

எல்லோரும் பரமசிவத்தைப் பார்த்தார்கள். அவன் வாளியைக் கீழே வைத்தான். பையிலிருந்து பெயின்ட் சுரண்டுகிற தகட்டை எடுத்தான். சமாதியின் முன்னால் மண்டியிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, குங்குமத்துக்குக் கீழே தகட்டை வைத்தான்.

மழையில் ஊறிய சுண்ணாம்பு பாளம் பாளமாக வந்தது. வெள்ளைக்குக் கீழே மஞ்சள் பூத்த வெள்ளை, அதற்குக் கீழே நீலம் கலந்த வெள்ளை. ஒவ்வொன்றும் ஒரு கைக்குச் சொந்தம். இது அப்பா அடித்தது, இது பாட்டன் அடித்தது என்று நினைத்தானோ என்னவோ, பரமசிவம் அவசரப்படவில்லை. கடைசியில் கறுப்புக் கல் தெரிந்தது. மோரா தன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கழுவினாள். கீர்த்தி குனிந்து விரல் வைத்துப் படித்தாள்.

"தாமஸ் டோலன். சோல்ஜர். வயசு இருபத்தாறு. காலரா." அவள் தலையை நிமிர்த்தினாள். "என் வயசுக்கு கொஞ்சம்தான் கூட."

இத்தனை வருஷமாக மீசை நரைத்த பெரியவர் ஒருவரை மனசில் வைத்துக் கும்பிட்டு வந்திருந்தாள் நீலா. இருபத்தாறு. பிள்ளை வயது.

"இன்னும் கீது பாரு கீழ" என்றான் பரமசிவம்.

கீழ்வரியைப் படித்துவிட்டுக் கீர்த்தி மோராவைப் பார்த்தாள். மோரா அதைத் தானே ஒருமுறை படித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தால் தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்! சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தாள். பிறகு இரண்டு பேரும் படபடவென்று பேசினார்கள்.

"ஏய், எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றாள் நீலா.

"அம்மா... இந்தக் கல்லு வெச்சது அவரோட ஃப்ரெண்ட்ஸ். டெம்பரன்ஸ் ரூம்னு போட்டிருக்கு. அதாவது, பட்டாளத்துல குடிக்கவே மாட்டோம்னு சத்தியம் பண்ண ஆளுங்க ஒரு சங்கம். சாயங்காலம் கூடி டீ குடிப்பாங்களாம், பாட்டு பாடுவாங்களாம். இவர் அதுல மெம்பர். இவங்க வீட்டுல இவரோட போட்டோ இருக்காம், நெஞ்சுல மெடலோட. சண்டையில வாங்கின மெடல்னு நூறு வருஷமா பெருமையா சொல்லிட்டு இருந்தாங்களாம். அது சண்டை மெடல் இல்ல. குடிக்காம இருந்ததுக்குக் குடுத்த மெடல்!"

ஏழுமலை கல்லையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ" என்றான் ஏழுமலை, வார்த்தை வார்த்தையாக, "நூறு வருஷமா குடிக்காத மனுஷனுக்கா ஊத்திக்கினு இருந்தோம்?"

நீலாவுக்கு நெஞ்சில் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. "பாத்தியா! சாமியே தொட்டதில்ல. அப்பால மூத்தவன் இன்னாத்துக்குத் தொடணும்? எடு அந்த பாட்டில."

ஏழுமலை ரோஷத்தோடு நிமிர்ந்தான். "இருங்க அண்ணி. கல்லுல எழுதுனது யாரு? அவரு கூட்டாளிங்க. செத்தவரா எழுதினாரு? செத்தப்புறம்தான் எங்க பாட்டன் கனவுல வந்து கேட்டாரு. உயிரோட இருந்தவரைக்கும் சத்தியம். செத்தா சத்தியம் முடிஞ்சு போச்சு. தாகம் எடுத்திருக்கும், கேட்டிருக்காரு."

"செத்தவருக்கு தாகம், குடிச்சிட்டு சாகறது நீங்க."

"நூறு வருஷமா வேண்டாம்னு சொன்னாரா? வேலை குடுத்தாரு, புள்ள குடுத்தாரு. புடிக்கலன்னா கைய காலை ஒடச்சிருப்பாரில்ல?"

நீலா தானே பாட்டிலை எடுக்கக் கை நீட்டினாள். நிறுத்திக்கொண்டாள். ஏழுமலை சொன்னதிலும் ஒரு ஞாயம் இருக்கிற மாதிரிதான் அவளுக்கே பட்டது. திறந்த கதவு சாத்திக்கொண்டது. சாமி விஷயத்தில் எழுத்தைக் காட்டி ஜெயிக்க முடியாது.

ஏழுமலை கற்பூரம் ஏற்றினான். சுருட்டைப் பற்ற வைத்துச் சமாதி ஓரத்தில் செருகினான். பாட்டிலைத் திருகித் திறந்தான். அந்த வாடை நீலாவின் மூக்கில் ஏறியது. பழைய வருஷங்கள் முழுக்க அந்த வாடையில்தான் இருந்தன. டம்ளரில் ஊற்றி, கல்லின் எதிரே மூன்று முறை சுற்றி, அண்ணன் பக்கம் திரும்பினான்.

"வாங்கிக்கண்ணா."

பரமசிவம் வலது கையைக் குவித்து நீட்டினான்.

நீலா பார்த்தாள். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் கத்தியாயிற்று, சாக்கடையோரம் கத்தியாயிற்று. கத்தி நின்ற குடி எங்கே இருக்கிறது? நீட்டிய கை லேசாக நடுங்கியது. டம்ளர் சாய்ந்தது.

"ஏழு" என்றான் பரமசிவம். "மூத்தவன்னா யாரு?"

ஏழுமலை டம்ளரை அந்தரத்தில் நிறுத்தினான். "நீதான். இன்னா கேள்வி இது?"

"நான் நம்ம வீட்டுக்கு மூத்தவன். சாமி வீட்டுக்கு மூத்தவங்க தோ நிக்கறாங்க." மோராவைக் காட்டினான். "ரத்த சொந்தம் தேடிக்கினு வந்து எதிர்ல நிக்கசொல்ல, டோலி தூக்கினவன் பேரன் முந்திக்கிட்டு கைய நீட்டினா, அது மரியாதையா? நம்ம வீட்டு கல்யாணத்துல எவனாச்சும் அப்படி பந்தில குந்திட்டான்னா நீ சும்மா வுடுவியா?"

ஏழுமலை யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, உண்மையிலேயே யோசித்தான். முறை என்று வந்தால் அவன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. இதுவும் முறைதான்.

"பொம்பளைங்க வாங்கறதில்லயே அண்ணா."

"அவங்க ஊரு சாமி. அவங்க ஊரு வழக்கம்."

"கீர்த்தி" என்றான் ஏழுமலை ஒரு முடிவோடு, "மேடத்துக்கு சொல்லு. சோத்துக் கையால வாங்கணும், ஒரே மொடக்கு, துப்பக் கூடாது."

கீர்த்தி விஷயத்தைச் சொன்னாள். மோரா பாட்டிலைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், அப்புறம் பரமசிவத்தின் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் ஃபேக்டரி ஆம்பிளைகளோடு வேலை செய்தவளுக்கு அந்த நடுக்கத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையைக் குவித்து நீட்டினாள். ஒரே மடக்கு. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வர, இருமிக்கொண்டே ஏதோ சொன்னாள்.

"அவங்க ஊர்ல பன்னெண்டு வயசுல சர்ச்சுல எல்லா புள்ளைங்களும் குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுமாம்" என்றாள் கீர்த்தி சிரிப்பை அடக்க முடியாமல். "இவங்க பத்தொம்பது வரைக்கும் காப்பாத்தினாங்களாம். தாமஸ் தாத்தா இப்ப பாத்துட்டு இருந்தா திட்டுவாரு, ஆனா உங்க ரம் ஏ ஒன்னாம்."

ஏழுமலை கைதட்டினான். "சாமி ஏத்துக்கிச்சு!" என்று ஆற்றங்கரை அதிரக் கத்தினான். அடுத்த வாய் அவனுக்கு.

பரமசிவத்துக்கு நீலா, ரம்முக்குப் பதிலாக, படையல் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்காமல் சுண்ணாம்பு வாளியை எடுத்தான். எழுத்து இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் வெள்ளை அடித்தான்.

சோறு பரிமாறுவதற்கு முன்னால் மோரா பையிலிருந்து இரண்டு சின்ன உறைகளை எடுத்தாள். சாப்பிட்டவர்கள், குடித்தவர்கள் வாயிலிருந்து எடுக்கக் கூடாதாம். படையல் முடிகிறவரை பச்சைத் தண்ணீர் படாமல் இருந்த பரமசிவத்துக்கு அதில் தடை இல்லை. மாடு மாதிரி வாயைத் திறந்து காட்டினான். மோரா கன்னத்துக்குள் தேய்த்து, குச்சியை உறையில் போட்டாள். முடிவு வரத் தீபாவளி ஆகிவிடும் என்றாள்.

"ரெண்டு கிட் இருக்கு" என்றாள் கீர்த்தி. "ஒண்ணு கெட்டுப் போனா இன்னொண்ணு வேணும்ல? சித்தப்பா, நீங்களும் குடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா, அதனால ரெண்டும் அப்படியே ஒரே மாதிரிதான் வரும்."

காலையிலிருந்து அயர்லாந்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஏழுமலை, கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தான்.

"எனக்கு வேணாம்."

"ஏன் சித்தப்பா?"

"பல்லு வலி."

"பல்ல தொடவே மாட்டாங்க, கன்னத்துலதான்..."

"வேணாம்னு சொன்னா வுடேன்! அண்ணனுது போதும்." எழுந்து, இலையை இழுத்துப் போடுகிற சாக்கில் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

கீர்த்தி தோளைக் குலுக்கினாள். மோரா மிச்ச உறையைப் பைக்குள் வைத்தாள். நீலா மட்டும் ஏழுமலையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு நிறையச் சாப்பிடுகிறவன் அன்று இரண்டு வாய்தான் சாப்பிட்டான். மீதிப் பாட்டிலைக்கூடத் தன்னோடு எடுத்துப்போக மறந்துவிட்டான். நீலா அதைச் சுருட்டுச் சாம்பல்மேல் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்துவிட்டு, சாமி கோபித்துக்கொள்ளாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் மோராவை அனுப்பிவிட்டு, பாத்திரக் கூடையோடு நீலாவும் பரமசிவமும் நடந்து வந்தார்கள். போபோடி முனையில் மழை பிடித்துக்கொண்டது. டீக்கடைத் தார்ப்பாய்க்குள் ஒதுங்கினார்கள். இரண்டு கட்டிங் டீயும் ஒரு பன்னும் சொன்னாள் நீலா. சாலைக்கு எதிர்ப்பக்கம் வைன் ஷாப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குழல்விளக்கு வெளிச்சம் ஈரத் தார்மேல் நீளமாகக் கிடந்தது.

"நல்லா சொன்னேயா" என்றாள். "மூத்தவங்க யாருன்னு. எங்கிருந்து வந்துச்சு அந்த புத்தி?"

பரமசிவம் டீயை ஊதினான். "புத்தியெல்லாம் இல்ல. கைய நீட்டசொல்ல குடிக்கணும்னுதான் நீட்டினேன்."

நீலா டீயைக் குடிக்காமல் அவன் பக்கம் திரும்பினாள்.

"வாடை வந்துச்சு. கை தானா போச்சு. அவன் ஊத்தியிருந்தா குடிச்சிருப்பேன் நீலா. அப்பதான் அந்தம்மா கண்ணுல பட்டாங்க. வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

கேட்க நன்றாக இல்லாத உண்மை. ஆனால் இத்தனை மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் பக்கத்தில் ஒரு பூட்டிய வீடு படுத்திருந்தது. இப்போது உள்ளே ஆள் இருக்கிறது. பயந்துபோன ஆள்தான். இருக்கட்டும். அவள் கையிலிருந்த பன்னைப் பிய்த்துப் பாதியை அவனிடம் கொடுத்தாள். மனசு அப்படி ஒரு நிறைவாக இருந்தது. மழைகூடப் பிடித்திருந்தது.

"அந்த டெஸ்ட்ல ஒரே ரத்தம்னு வந்துட்டா இன்னாயா பண்ணுவே? அப்போ சாமி வீட்டுக்கும் நீதான் மூத்த ஆம்பிளை. அடுத்த ஆடிக்கு உன் தம்பி மறுபடி டம்ளர நீட்டுவான்."

"நீட்டட்டும். ரத்தம் எனக்குன்னா அந்தப் பையன் பண்ண சத்தியமும் எனக்குத்தானே வரும்? நிலத்த மட்டும் வாங்கிக்கினு கடன வேணாம்னு சொல்ல முடியுமா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்த வேகத்திலேயே, யோசிக்காமல், நீலா கேட்டுவிட்டாள்.

"அது சரி. உன் தம்பி இன்னாத்துக்குயா வாயத் தொறக்கல? காலைலேருந்து அந்த குதி குதிச்சான்."

பரமசிவத்தின் சிரிப்பு நின்றது.

"அத அவன்கிட்ட கேக்காத" என்றான்.

"ஏன்?"

"கேக்காதன்னா கேக்காத. எங்கம்மா சாகசொல்ல எங்க ரெண்டு பேத்துக்கும் தெரிஞ்ச விஷயம். அதோட முடிஞ்சிபோச்சு."

"ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா" என்று கீர்த்தி சொன்னபோது ஏழுமலை டம்ளரைக் கீழே வைத்தது நீலாவுக்கு இப்போதுதான் உறைத்தது. பரமசிவத்தின் தலை மெல்லத் திரும்பியது. எதிர்ப்பக்கம் வைன் ஷாப். இரும்புக் கம்பிக்குள் கையை விட்டு ஒருவன் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தான். பரமசிவம் அதையே பார்த்தான். இந்தப் பார்வை நீலாவுக்குத் தெரியும். மனசில் பாரம் ஏறினால் கால் எந்தப் பக்கம் போகும் என்றும் தெரியும். ஏன் கேட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூடையை இறுக்கிப் பிடித்தாள். அவன் கையைப் பிடிக்கவில்லை.

சாலையில் ஒரு பி.எம்.டி. பஸ் தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போனது. அது மறைத்து விலகியபோதும் அவன் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு காலி கிளாஸைப் பலகைமேல் வைத்தான்.

"இன்னொரு டீ சொல்லு" என்றான். "சக்கரை தூக்கலா."